ஆறு வருடம் தைத்த கை ஏன் அங்கேயே நிற்கிறது?

டிக்கோயாவில் ஒரு தையல் கடையில் ஆறு வருடமாக வேலை செய்யும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். முதல் வருடத்தில் மளமளவென்று கற்றுக்கொண்டாராம். பொத்தான் துளையில் ஆரம்பித்து பாவாடை, சீருடை, ஜாக்கெட் வரை வந்துவிட்டாராம். அதன் பிறகு நாலைந்து வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறாராம். ஜாக்கெட்டின் கை தோளில் சுருங்குகிறது, முன்பக்கம் இழுக்கிறது, திருத்தத்துக்குத் திரும்பி வருகிறது. கடைக்கார அக்கா, "தைத்துக்கொண்டே இரு, கை தானாக வரும்" என்கிறாராம். அது உண்மையா, அல்லது பிறவியிலேயே கை அமைய வேண்டுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

அக்கா சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதி முதல் வருடத்தோடு செலவாகிவிட்டது.

நான் தையற்காரன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலையகத்துப் பாடசாலைகளில் கணிதம் கற்பித்தேன். கடைசிப் பத்து வருடம் ஆசிரிய ஆலோசகர் வேலை. அதாவது மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் பின்வாங்கில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை. ஒருவர் எப்படிக் கற்கிறார், எந்த இடத்தில் நின்றுபோகிறார் என்று கவனிப்பதே என் பிழைப்பாக இருந்தது. தையல் தெரிந்தவர் என் மனைவி. உங்கள் கேள்வியை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த மிகப் பெரிய கைத்திறன் என் அம்மாவுடையது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். விடுமுறை நாட்களில் தேத்தண்ணி கொண்டுபோகும் சாக்கில் மலையில் நின்று பார்த்திருக்கிறேன். புதிதாகப் பேர் பதிந்த ஒரு பிள்ளையைக் கங்காணி அம்மாவின் பக்கத்து நிரையில் விடுவார். அந்தப் பிள்ளையின் கண் ஒவ்வொரு கொழுந்தாகத் தேடும். இரண்டு இலையும் மொட்டும் இருக்கிறதா, மூன்றாவது இலை முற்றிவிட்டதா, மொட்டு வளர்ச்சி நின்று மடங்கிக் கிடக்கிறதா என்று பார்த்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து ஒடிப்பாள். நகத்தால் கிள்ளினால் ஏச்சு விழும். கைநிறைய இறுக்கிப் பிடித்து வைத்திருந்தால் இலை கசங்கிச் சூடேறும், அதற்கும் ஏச்சு விழும். மட்டக்கம்பைச் செடிமேல் படுக்க வைத்து, அதற்கு மேலே எழும்பி நிற்பதைத்தான் எடுக்க வேண்டும். அவள் ஒரு செடியை முடிப்பதற்குள் அம்மா மூன்று செடி தாண்டிப் போயிருப்பார்.

அம்மா கையைப் பார்க்கவே மாட்டார். இரண்டு கையும் இந்தச் செடியில் ஓடிக்கொண்டிருக்கும், கண் அடுத்த செடியின் பரப்பில் மேய்ந்துகொண்டிருக்கும், வாய் பக்கத்து நிரை அக்காவோடு கதைத்துக்கொண்டிருக்கும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் வீசுவார். கூடை எங்கே என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. சிறுவனாக இருந்தபோது அம்மாவின் விரல்கள் வேகமானவை என்று நினைத்தேன். விரல் இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே வேகம்தான் என்பது பல வருடம் கழித்தே விளங்கியது. அந்தப் பிள்ளை கொழுந்தைப் பார்த்தாள், அம்மா செடியைப் பார்த்தார். இதைத்தான் நம் ஊரில் "கூலி வேலை" என்று இரண்டு சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. அது வேறு கதை.

1897இலும் 1899இலும் எழுதிய கட்டுரைகளில், அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் இதையே தந்தி அலுவலர்களிடம் கண்டார்கள். தந்தி கேட்கப் பழகுகிறவருக்கு முதலில் அந்தக் 'கட்கட' ஒலி எழுத்து எழுத்தாகத்தான் காதில் விழும். கொஞ்ச நாளில் சொல் சொல்லாக விழும். நன்றாகத் தேறியவருக்குச் சொற்றொடர் முழுதாகவே விழும். ஒலி முன்னே போய்க்கொண்டிருக்க, அவர் சில சொற்கள் பின்தங்கி நிதானமாக எழுதிக்கொண்டு வருவார். வாரந்தோறும் அளந்து அவர்கள் வரைந்த கோட்டில் ஒரு விநோதம் இருந்தது. செய்தி வாங்கும் வேகம் ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் வாரக்கணக்காக அசையாமல் நின்றது, பிறகு மறுபடியும் ஏறியது. எழுத்தும் சொல்லும் முழுக்கப் பழகாத வரையில் அடுத்த படிக்கு மனம் ஒழிவதில்லை என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். இந்தத் தேக்கம் எல்லோருக்கும் கட்டாயம் வருவதல்ல, அது ஒரு மாயத் தேக்கம் என்று 1958இல் கெல்லர் என்பவர் மறுத்தார். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகவே படுகிறது. தேக்கம் வருகிறது, ஆனால் அது தலைவிதியல்ல.

உங்கள் விஷயத்தில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் ஒன்றாகக் கலந்திருப்பதாக நினைக்கிறேன்.

முதலாவது, பயப்படத் தேவையில்லாதது. எந்தக் கைவேலையிலும் ஆரம்பத்து முன்னேற்றம் பெரிதாகத் தெரியும், பிறகு மெலியும். கணக்காகச் சொன்னால், முதல் நூறு ஜாக்கெட்டிலிருந்து இருநூறுக்குப் போகும்போது தைக்கும் நேரத்தில் எவ்வளவு வீதம் குறைந்ததோ, அதே வீதம் மறுபடி குறைய நானூறு ஆக வேண்டும். அதற்கடுத்து எண்ணூறு. இதை உளவியலாளர்கள் பலவகை வேலைகளில் அளந்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது 1959இல் குரொஸ்மன் எழுதியது. சுருட்டு செய்யும் இயந்திரத்தில் வேலை செய்தவர்களை அவர் அளந்தார். ஏறக்குறைய இரண்டு வருடம், முப்பது லட்சம் சுருட்டு வரை அவர்களுடைய வேகம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. அதற்குப் பிறகு நின்றதற்கும் கை காரணமல்ல. இயந்திரம் சுற்றும் வேகமே அவ்வளவுதான். ஆகவே "நான் நின்றுவிட்டேன்" என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பகுதி கண்மயக்கு. நகர்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள், மாதக்கணக்கில் பார்த்தால் தெரியாத அளவுக்கு.

ஆனால் அது வேகத்தின் கதை. தோளில் சுருங்கும் கை வேகத்தின் பிரச்சினை இல்லையே. அதுதான் இரண்டாவது சங்கதி. கை பழகும்போது சரியை மட்டும் தெரிந்தெடுத்துப் பழகுவதில்லை. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைப் பழகிக்கொள்கிறது. நீங்கள் ஆறு வருடமாக ஜாக்கெட்டின் கையைச் சற்றுப் பிசகாகப் பொருத்தி வந்திருந்தால், பிசகாகப் பொருத்துவதில் இன்று நீங்கள் கெட்டிக்காரி. கண்ணை மூடிக்கொண்டும் அதே பிசகைச் செய்வீர்கள்.

சிரிக்க வேண்டாம், எனக்கும் இது நடந்தது. பன்னிரண்டு வருடம் கற்பித்து, வகுப்பை அடக்கி ஆள்வதில் எனக்கு நிகர் இல்லை என்று நடந்துகொண்டிருந்த காலம். ஒருநாள் புதிதாக வந்த அதிபர் ஒரு தாளோடு வந்து பின்வாங்கில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் எதுவும் பேசவில்லை. பாடம் முடிந்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதில் வகுப்பின் வரைபடம் இருந்தது. முப்பத்தெட்டு பெட்டிகள், நான் கேள்வி கேட்ட பிள்ளைகளின் பெட்டியில் ஒவ்வொரு புள்ளி. எல்லாப் புள்ளியும் நாலே நாலு பெட்டியில் குவிந்திருந்தன. நாலும் முன்வரிசை. மற்ற முப்பத்து நாலு பேருக்கு அன்று நான் ஒரு வானொலி. பன்னிரண்டு வருடமும் அப்படித்தான் இருந்திருப்பேன். ஏழாவது வருடத்தில் யாராவது இந்தத் தாளைக் காட்டியிருந்தால் ஏழாவது வருடத்திலேயே திருந்தியிருப்பேன். காட்டாததால், வருடம் கூடக்கூட அந்த நாலு பெட்டிக்கே இன்னும் அழகாகக் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர்களிடமே இது உண்டு. அனுபவ வருடத்துக்கும் சிகிச்சைத் தரத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த 62 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2005இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில், வருடம் கூடக்கூடத் தரம் இறங்கியே காணப்பட்டது. வேலையை நாள்தோறும் செய்வதும் வேலையைப் பயில்வதும் இரண்டு வேறு காரியங்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வித்தியாசம் எங்கே வருகிறது? என் கணிப்பில், தவறு எவ்வளவு சீக்கிரம் செய்தவரிடம் திரும்பி வருகிறது என்பதில். எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரைப் பாருங்கள். நேற்றிரவு முடித்த தேயிலை இன்று காலை வெள்ளைக் கோப்பைகளில் வரிசையாக நிற்கும். நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தேயிலை, ஆறு நிமிடம். இது சர்வதேசத் தர விதியிலேயே உள்ள அளவு. ஒவ்வொன்றையும் சத்தத்தோடு உறிஞ்சி, துப்பி, நனைந்த இலையை முகர்ந்து பார்ப்பார். மூன்றாவது கோப்பை மங்கலாக இருந்தால் நேற்று அந்தத் தொகுதி எவ்வளவு வாடியிருந்தது, எத்தனை நிமிடம் ரோலரில் கிடந்தது, அடுப்புக்குப் போக முன் எவ்வளவு நேரம் பரப்பி வைத்திருந்தார்கள் என்பது அவருக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கும். நாக்கில் பட்ட குறையும் கையால் செய்த பிழையும் ஒரே காலைப் பொழுதில் சந்தித்துக்கொள்கின்றன. பத்து வருடத்தில் அந்த மனிதர் வாடின இலையைக் கைப்பிடியில் அழுத்திப் பார்த்தே போதுமா போதாதா என்று சொல்லிவிடுவதில் மந்திரம் எதுவும் இல்லை.

இப்போது உங்கள் கடைக்கு வாருங்கள். ஜாக்கெட்டை நீங்கள் தைத்து மடித்து வைக்கிறீர்கள். நாலு நாள் கழித்து உரியவர் வந்து வாங்கிப் போகிறார். இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு உடுத்தும்போதுதான் தோள் இழுப்பது தெரிகிறது. திருத்தத்துக்குக் கொண்டுவரும்போது அதை வாங்குபவர் கடைக்கார அக்கா. அவரே பிரித்து, அவரே சரிசெய்து, "உன் கை இன்னும் வரவில்லை" என்று மட்டும் உங்களிடம் சொல்கிறார். அதற்குள் நீங்கள் நாற்பது உடுப்புத் தைத்துவிட்டீர்கள், எதை எப்படி வெட்டினோம் என்பது மறந்துவிட்டது. பிழை அக்காவிடம் பாடமாகப் போகிறது, உங்களிடம் ஏச்சாக வருகிறது. அக்கா கெட்டவர் இல்லை, கடை நடக்க வேண்டும். ஆனால் ஆறு வருடமாகக் கை பொருத்துவதில் தேர்ந்துகொண்டிருப்பவர் அவர்தான்.

ஆகையால் முதல் காரியம், திருத்தத்துக்கு வரும் உங்கள் உடுப்புகளை நீங்களே பிரிக்கக் கேளுங்கள். கூலி வேண்டாம், நேரத்துக்கு முன்னால் வந்து செய்கிறேன் என்று சொல்லுங்கள். எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார். பிரிக்கும் முன் உடுத்திக் காட்டச் சொல்லிப் பாருங்கள், சுருக்கம் எந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. பிறகு ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். என்ன உடுப்பு, எங்கே பிழை, பிரித்தபோது உள்ளே என்ன கண்டீர்கள். அவ்வளவு போதும். பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் வாசித்தால், உங்கள் பிழைகள் பத்து வகை இல்லை, இரண்டு அல்லது மூன்று வகைதான் என்பது தெரியும். என் கணித மாணவர்களிடம் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். "எனக்குக் கணக்கே வராது" என்று வரும் பிள்ளையின் விடைத்தாளை எடுத்து உட்கார்ந்தால், அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் சயக்குறியை, அதாவது கழித்தல் குறியை, உள்ளே கொண்டுபோக மறக்கிறது. இருபது கணக்குப் பிழைத்தது அந்த ஒரே இடத்தில்.

இரண்டு மூன்று வகையில் ஒன்றை எடுத்து, அதை மட்டும் பழகுங்கள். கை பொருத்துவதுதான் பிழை என்றால் முழு ஜாக்கெட் தைக்க வேண்டியதில்லை. பழைய படுக்கை விரிப்பை வெட்டித் தோளும் கைக்குழியும் கையும் மட்டும் தையுங்கள், பிரியுங்கள், மறுபடி தையுங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே அளவை இருபது தரம் தைப்பதைவிட, மெலிந்த தோள், அகன்ற தோள், சிறுபிள்ளைத் தோள் என்று மாற்றி மாற்றித் தைப்பது மேல். 1978இல் எட்டு வயதுப் பிள்ளைகளை வைத்துக் கெர், பூத் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு மூன்றடி தூரத்துக் குறிக்கு மட்டும் சிறு மூட்டையை எறிந்து பழகியது. மற்றது இரண்டடிக்கும் நாலடிக்கும் எறிந்து பழகியது, மூன்றடிக்கு எறியவே இல்லை. கடைசியில் மூன்றடியில் வைத்துப் பரீட்சித்தபோது, மூன்றடியில் பழகாத குழுதான் நன்றாக எறிந்தது. ஒரே அளவில் பழகும்போது அன்றைக்கு அழகாக வரும், நாமும் தேறிவிட்டோம் என்று மகிழ்ந்துபோவோம். மாற்றி மாற்றிப் பழகும்போது கோணல் மாணலாக வரும், மனம் சலிக்கும். மகிழ்ச்சியை நம்பாதீர்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணித்தியாலம் உட்கார்வதைவிட நாளுக்கு அரைமணி நேரம் நல்லது. பிரித்தானியத் தபால்காரர்களுக்குத் தட்டச்சுப் பழக்கியபோது பேட்லி, லோங்மன் இருவரும் இதை அளந்து 1978இல் எழுதினார்கள். நாளுக்கு ஒரு மணித்தியாலம் பழகியவர்கள், நாளுக்கு நாலு மணித்தியாலம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் விசைப்பலகையைக் கற்றுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சியில் மிகக் குறைவாகத் திருப்தி அடைந்தவர்களும் அவர்கள்தான். நாட்கணக்கில் தாங்கள் பின்தங்கி நிற்பதாக அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இடைவெளியில் கொஞ்சம் மறப்பதும், மறந்ததை மறுநாள் இழுத்துப் பிடிப்பதுமே கற்றதை ஊன்ற வைக்கிறது.

அரைமணி நேரம் என்று சுலபமாக எழுதிவிட்டேன். வேலை முடிந்து பஸ் பிடித்து, இருட்டில் ஏறி வீட்டுக்குப் போய், தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளின் பாடம் பார்த்த பிறகு எங்கே அரைமணி நேரம் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பயிற்சியைப் பற்றி எழுதுகிற யாரும் அதற்கான நேரத்தை யார் தருவது என்று எழுதுவதில்லை. கடை திறப்பதற்கு முன் இருபது நிமிடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். கிடைக்காத நாளில் உங்களைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம்.

இனி அந்தப் பிறவிக் கேள்வி. இதில் இரண்டு பக்கமும் மிகையாகப் பேசுகிறவர்கள் உண்டு. "பத்தாயிரம் மணித்தியாலம் பழகினால் யாரும் எதிலும் மேதை" என்பது ஒரு பக்கம். அந்த எண் 1993இல் எரிக்சனும் இருவரும் சேர்ந்து பெர்லின் இசைக்கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் தனிமையில் பயின்ற நேரத்தின் சராசரி அது. சராசரி என்றால் சிலர் அதைவிட நிரம்பக் குறைவு. இத்தனை மணித்தியாலம் என்று ஒரு வாசற்படி இருப்பதாக எரிக்சன் சொல்லவில்லை, பிற்காலத்தில் அதை மறுத்தும் எழுதினார். அவர் அழுத்தியது வேறு. அந்த மாணவர்கள் ஆசிரியர் குறித்துக்கொடுத்த பலவீனத்தைத் தனியே உட்கார்ந்து உடைத்தார்கள். 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்தில் இத்தகைய பயிற்சியால் விளங்குவது சதுரங்கம் போன்ற விளையாட்டுகளில் 26 வீதம், இசையில் 21 வீதம், உடல் விளையாட்டுகளில் 18 வீதம் என்றார்கள். மிச்சத்தில் ஆரம்பித்த வயது, கிடைத்த ஆசிரியர், உடல்வாகு, வேறு பலவும் இருக்கின்றன. ஆக, பிறவியும் உண்டு. ஆனால் டிக்கோயாவில் ஒரு ஜாக்கெட்டின் கையைச் சுருக்கமில்லாமல் பொருத்துவதற்குப் பிறவி மேதை தேவைப்படாது. வயலின் மேதைகளின் கணக்கை உங்கள் மேல் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் கண்டிக்கார முரளிதரனைப் பிறவிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அவருடைய முழங்கையும் மணிக்கட்டும் பிறவியில் வந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டுகஸ்தோட்டையில் பாடசாலை நாட்களில் அவர் மிதவேகப் பந்து வீசியவர். பதினாலு வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். அந்த மணிக்கட்டு அதுவரைக்கும் அங்கேயேதான் இருந்தது. யாரோ ஒருவர் வெளியிலிருந்து பார்த்து, இதை இப்படித் திருப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. 1992இல் டெஸ்ட்டுக்குள் வந்தவர், ஓஃப் சுழலில் பேர் எடுத்த பிறகும் மறுபக்கம் திரும்பும் தூஸ்ராவைத் தன் பந்துகளோடு சேர்த்துக்கொண்டார். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு டெஸ்ட் ஆட்டத்தை நிறுத்தினார்.

திறன் பற்றி இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லவேண்டும். அது பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை. ஒரு கல்லூரி மாணவர் ஒருமுறை கேட்டு ஏழு இலக்கம் வரை திருப்பிச் சொல்பவராக இருந்தார். ஏறக்குறைய இருபது மாதத்தில், 230 மணித்தியாலப் பயிற்சியில், 79 இலக்கம் வரை போனார். 1980இல் அது பிரசுரமானபோது எல்லோரும் வியந்தார்கள். ஓட்டப் பந்தயக்காரரான அவர் இலக்கங்களை ஓட்ட நேரங்களாகக் கூறுபோட்டு ஞாபகம் வைத்திருந்தார். இலக்கத்துக்குப் பதிலாக எழுத்துகளைச் சொன்னபோது பழையபடி ஆறுக்கே வந்து நின்றார். ஆகவே பாவாடையில் உங்களுக்குள்ள தேர்ச்சி கைக்குழியில் உதவும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டும் ஒரே ஊசி, ஒரே நூல். ஆனால் வேறு வேறு வித்தை.

பார்க்கத் தெரிந்த ஒரு கண்ணும் உங்களுக்கு வேண்டும். எங்கள் தோட்டத்தில் மாசி மாதக் காமன் கூத்துக்குப் பையன்களைத் தயார்செய்த வாத்தியார் ஒருவர் இருந்தார். தப்பு அடிக்கப் பழகும் பையன் ஒரு அடியில் தடுக்கினால், "முதலிலிருந்து அடி" என்று சொல்லமாட்டார். தடுக்கிய இடத்துக்கு முந்தின இரண்டு அடியையும் அந்த அடியையும் மட்டும் பிரித்தெடுத்து, பாதி வேகத்தில், தொடையில் தட்டிக் காட்டச் சொல்வார். தொடையில் சரியாக வந்த பிறகுதான் தப்பைத் தொடவிடுவார். முதலிலிருந்து அடித்தால் தெரிந்த இடமே இன்னும் தெரியும், தடுக்கும் இடம் வரும்போது கை களைத்திருக்கும். எழுத்து வாசனை அதிகம் இல்லாத மனிதர். பெர்லினில் வயலின் ஆசிரியர்கள் செய்ததை அவர் எங்கள் லயத்து வாசலில் செய்துகொண்டிருந்தார். ஹட்டன் பக்கம் அப்படி ஒரு பழைய தையற்காரர் கட்டாயம் இருப்பார். கொப்பியையும் நீங்கள் பிரித்த ஒரு கையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் தைக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். தைத்து முடித்த உடுப்பைவிட தைக்கிற கையைப் பார்த்தால்தான் அவர்களுக்கு நோய் தெரியும்.

மனைவி சொன்னது இதுதான். "நீங்கள் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பிள்ளைக்குத் தையலில் குறையே இல்லாமல் இருக்கலாம். வெட்டில் இருக்கலாம். கையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே வளைவாக, துணியை மடித்து ஒன்றாக வெட்டுகிறாளா என்று கேளுங்கள். முன்பக்கம் கொஞ்சம் ஆழமாக வெட்ட வேண்டும். அதோடு கையின் உச்சிக்கு ஒரு வெட்டுக்குறி போட்டு, அதைத் தோள் தையலில் வைத்துக் குத்திக்கொண்டுதான் இரண்டு பக்கமும் இறங்க வேண்டும். அக்குளிலிருந்து தைத்து ஏறினால் மிச்சத் துணியெல்லாம் தோளில் வந்துதான் சுருங்கும்."

எங்கிருந்து தைக்க ஆரம்பிக்கிறீர்கள் என்று பார்த்து எழுதுங்கள். அவருக்கு அது தெரிய வேண்டுமாம்.